பைக்குள் திரும்பிப் போன மேப்பிள் பாகு

ஓமிஷிமா,
நவம்பர் 19

அன்புள்ள மிட்சுகிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம், தோட்டத்தில் ஆரஞ்சும் நலம், நான் மட்டும் ரத்தம் கொதித்துப்போய் இருக்கிறேன். நீ என் போனை எடுக்க மறுப்பதால் இந்தக் கடிதம். நான் உன் தியோவை வேண்டாமென்று விரட்டிவிட்டேன் என்று அம்மாவிடம் அழுதாயாமே? நானா விரட்டினேன்? நன்றாக இருக்கிறது நியாயம்!

கனடாவிலிருந்து வந்து கையில் காசில்லாமல் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவனுக்கு, பரிசு வாங்க எவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கிறாய். கத்தி கூடாது, வெள்ளைப் பூ கூடாது, நாலு என்றால் சாவு, அந்த எண்ணிக்கையில் வாங்காதே, உங்கள் ஊர்ப் பண்டமாக, சிறியதாக இருக்கட்டும் என்று. பாவம், மூன்று சின்ன பாட்டில் மேப்பிள் மரப் பாகை உடையாமல் காலுறைக்குள் சுற்றி, தீவுக்குத் தீவு பாலங்கள் எல்லாம் சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்தான். மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டி, அற்பப் பொருள்தான், வாங்கிக்கணும் என்றான். ஐயோ, இதெல்லாம் எதுக்கு, வேண்டாம் வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினான். சைக்கிள்ல வந்த பிள்ளைகிட்ட வாங்குறதா, நீங்களே வச்சுக்கோங்க என்றேன். இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லி மூன்றாவதுக்கு வாங்குவதுதானே நம் ஊர் மரியாதை, மனுஷன் வேறென்ன சொல்வான்? மூன்றாவது தடவைக்கு என் கை பாதி நீண்டுவிட்டது. அவன் சரிங்க என்று பைக்குள் போட்டுக்கொண்டான்! உன் அம்மா அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரிக்கிறாள். மறுநாள், தண்ணீர் பிடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு ஹமாசாகி அம்மாளிடம் நீட்டியிருக்கிறான். அந்தப் பொம்பளை ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். தினம் காலையில் ரொட்டியில் ஊற்றித் தின்றுவிட்டு, எப்படி இருந்தது என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து எனக்கே சொல்கிறாள். வயிறு எரிகிறது.

அதுகூடப் போகட்டும். மூன்றாம் நாள் கிளம்பும்போது வாசலில் நின்று, மிட்சுகியைக் கல்யாணம் பண்ணிக்க உங்க சம்மதம் வேணும் என்று கேட்டான். பெண்ணைக் கேட்டதும் ஆகட்டும் என்று தூக்கிக் கொடுக்கவா முடியும்? அவளா, ஒழுங்கா சோறு வைக்கத் தெரியாது, வாய் வேற நீளம், உங்களுக்குச் சரிப்பட மாட்டா என்றேன். எனக்கு அவதான் வேணும் என்றான். உங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காமலா போகும் என்றேன். சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கிறேன், நிற்கிறேன். அவன் கண் கலங்க ஒரு கும்பிடு போட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டான். பின்னாலேயே ஓட என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. என்ன வாங்க வேண்டும் என்று அத்தனை சொன்னவளுக்கு, எத்தனை தடவை நீட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடத் தோன்றவில்லையா? தப்பு யார் மேல்?

குளிர் அதிகமாகிவிட்டதாம் அங்கே, கழுத்தை மூடிக்கொண்டு போ. அம்மா ஆரஞ்சு அனுப்பியிருக்கிறாள், அவனுக்கும் சேர்த்துத்தான். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். எதை மறந்தாலும் இதை மறக்காதே: அவன் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறான். இன்னும் ஒரு தடவை கேட்கச் சொல்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா