ஐந்தே காலுக்கு வருபவர்

ஆடி 5, திங்கள்

காற்று. கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டில். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம், பஸ் முழுக்க அதே பேச்சு. நான் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் வரை கண்ணை மூடிக்கொண்டே.

ஆபீஸில் புது வேலை. சுவாமிமலை சிலைக்கடைக்காரர் மூன்றாவது தடவையாக போன். இணையத்தில் தேடினால் அவர் கடை வருவதே இல்லையாம். பஷீர் பாய் அந்தத் தளத்தின் சர்வர் லாகை எடுத்து என் தலையில் கட்டிவிட்டார். ஐந்து வருஷமாகப் படமும் எழுத்தும் ஏற்றுவதோடு என் வேலை சரி.

"யாரு எப்ப வந்தாங்க, எந்தப் பக்கத்தத் தொறந்தாங்கன்னு வரி வரியா இருக்கும்மா. அதுல மனுஷன் யாரு, தேடுபொறி அனுப்புற எந்திரம், அதான் பாட், எதுன்னு பிரிங்க. பாட் வரலன்னா தேடினாலும் கடை வராது."

தலையாட்டினேன். லாக் எனக்கும் கொஞ்சம் தெரியும். என் வீட்டுக்காரருக்காகப் போட்ட பக்கத்துக்குத் தினமும் பார்க்கிறேனே. பாயிடம் சொல்லவில்லை.

விளக்கு வைத்ததும் அத்தையின் கேள்வி. "வந்துட்டுப் போனானா?"

"வந்தார் அத்தை. அஞ்சே காலுக்கு."

"சரி."

வாங்க: உளுந்து, ஊதுபத்தி, அத்தைக்கு முட்டிவலித் தைலம்.

ஆடி 6, செவ்வாய்

குமார் வந்திருந்தார். அவருடைய தம்பி. எதற்கு வந்தார் என்று உட்காரும்போதே தெரிந்துவிட்டது.

"அண்ணி, இந்த ஆடியோட பன்னெண்டு வருஷம் முடியுது. புரோகிதர்கிட்ட கேட்டுட்டேன். தர்ப்பையில உருவம் செஞ்சு, கொள்ளி வச்சு, காரியம் பண்ணிடலாங்கறார். அமாவாசைக்கு வச்சுக்கலாம். ஆவணியில என் பொண்ணு கல்யாணம். இத இப்படியே வச்சுக்கிட்டு எப்படி?"

அவர் மேல் கோபமில்லை. அண்ணனைத் தேடி கரை கரையாக அலைந்தவர். விடிகாலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன மனுஷன். காவிரிக் கரையில் வண்டி மட்டும் நின்றது. கிடைக்கவே இல்லை.

அத்தை: "தினம் வந்து போட்டோவப் பாத்துட்டுப் போறவனுக்கு எப்படிடா காரியம் பண்றது? அவளையே கேளு."

குமார் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

'காணவில்லை' என்று அவர் போட்டோவோடு நான் போட்ட பக்கம். யாருக்கும் தெரியாத பக்கம். ஆனாலும் ஒரே ஒருத்தர், தினமும், போன் வழியாக, அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார். அதுவும் விடிகாலை ஐந்தே கால் சுமாருக்கு. அவர் வண்டியை எடுக்கிற நேரம். நான் பொட்டு வைத்துக்கொள்வது அந்த ஒரு வரியை நம்பித்தான்.

ஆடி 8, வியாழன்

வெயில். தலைவலி.

சிலைக்கடை லாகில் பாதி வரியில் "ஆண்ட்ராய்டு" போன் என்று இருந்தது. எல்லாம் மனுஷர்கள் என்று எண்ணி பாயிடம் காட்டினேன். சிரித்தார்.

"வரிய முழுசாப் படிங்கம்மா. போன்ல பக்கம் எப்படித் தெரியுதுன்னு பாக்க பாட்டே போன் வேஷத்துல வரும். கடைசியில அதோட பேரு இருக்கும் பாருங்க."

இருந்தது. எல்லா வரியின் கடைசியிலும்.

மதியம் சாப்பிடாமல் அவருடைய பக்கத்தின் லாகைத் திறந்தேன். எக்செல்லில் அந்த வரி இருக்கிற கட்டம் குறுகலானது. ஐந்து வருஷமாக முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, போன், போன் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். கட்டத்தை இழுத்து அகலமாக்க ஒரு விநாடி. இழுத்தேன்.

பாட்.

இன்றும் அத்தை கேட்டார். "வந்தார்" என்றேன். முதல் பொய். இதுவரை சொன்னதெல்லாம் என்ன என்று தெரியவில்லை.

ஆடி 9, வெள்ளி

பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பின்னால் ஒரு பெண்: "தண்ணிய நம்பி நாத்து விட்டாச்சு, இனிமே அவன் விட்ட வழி."

பாயிடம் கேட்டேன், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல. பாட் பெயரைப் பொய்யாகப் போட்டுக்கொண்டு மனுஷன் வரலாமா?

"ஏன் வர முடியாது? நிறையப் பேரு வர்றான், தன்னை மறைக்க."

எனக்கு உயிர் வந்தது. மறைத்துக்கொண்டு வருகிறார். எங்கோ இருக்கிறார், தெரியக்கூடாது என்று. எந்த ஊர், யாரோடு, எதற்காக, எல்லாம் ஒரே நிமிஷத்தில் யோசித்துவிட்டேன். சண்டைகூடப் போட்டேன் மனசுக்குள்.

"பேர நம்பாதீங்க, எங்கேர்ந்து வருதுன்னு ஐபி நம்பரப் பாருங்க" என்றார் பாய். நம்பரைக் கொடுத்தால் யாருடைய எந்திரம் என்று பெயர் வரும். அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தால் அதே நம்பர் வரவேண்டும். வந்தால் அசல் பாட்.

வந்தது. இந்த மாதத்து வரிகள் மொத்தமும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொய்யில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அது ஐந்தே காலுக்கு மட்டும் வருவதில்லை. மதியம், சாயங்காலம், எல்லா நேரமும். நான்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

தினமும் ஏன் வருகிறது என்றும் கேட்டேன். அடிக்கடி மாறுகிற பக்கத்துக்கு அடிக்கடி வருமாம். "காணாமல் போய் இன்றோடு இத்தனை நாள்" என்று தினமும் மாற்றுகிறவள் நான். நானே கூப்பிட்டு, நானே கதவைத் திறந்து, அவர் வந்தார் என்று அவரைப் பெற்றவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும்.

சிலைக்கடைத் தளத்தில், பாட் வந்தாலும் தேடலில் காட்டாதே என்று யாரோ பழைய ஆள் ஒரு வரி போட்டு வைத்திருந்தார். எடுத்துவிட்டேன். பாய்க்குத் திருப்தி.

ஆடி 10, சனி

அரைநாள் லீவு. சொல்லாமலே விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நான் இப்படியே இருப்பேன். ஆனால் பெற்றவளை ஏமாற்றிக்கொண்டு எத்தனை நாள்?

மூன்று மணிக்கு அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வருவது மனுஷன் இல்லை, எந்திரம். ஊர் உலகத்துப் பக்கம் எல்லாவற்றையும் தானாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிற எந்திரம்.

"அப்ப அவன் ஒரு நாளும் பாக்கல?"

"இல்ல அத்தை."

அழுவார் என்று தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. "குமாருக்குப் போன் போட்டுக் குடு." போட்டேன். "நாளைக்கே வச்சுக்கடா." அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? எனக்கு ஆத்திரமாக வந்தது. வந்தது எந்திரம் என்றதும் பிள்ளையை விட்டுக்கொடுத்துவிடுவார்களா? சொன்னவள் நான், கோபமும் எனக்கே.

ஆடி 11, ஞாயிறு. அமாவாசை

விடியும்போதே ஆற்றங்கரை. தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம். நாங்கள் தள்ளி, அரசமரத்தடியில். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தண்ணீரைப் பார்த்தேன். செம்மண் நிறம். நல்ல வேகம்.

புரோகிதர் தர்ப்பையைக் கட்டிக் கட்டி ஓர் ஆள் செய்தார். தலை, கை, கால். ஒரு முழம் இருக்கும். குமார் ஈர வேட்டியோடு குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

புரோகிதர் பெயர் கேட்டார். நட்சத்திரம் கேட்டார். அப்புறம், "தவறினப்ப வயசு என்னம்மா?"

நாற்பத்தாறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் அவருக்கு ஒரு வயது கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலும் அப்படித்தான் மாற்றியிருக்கிறேன்.

"முப்பத்திநாலு" என்றார் அத்தை. யோசிக்கவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்று அவருக்கு இருந்த வயது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அன்னைக்கே போயிட்டார்னு தெரியுமா அத்தை? அப்ப வந்துட்டுப் போனானான்னு தினம் கேட்டீங்களே?"

அத்தை என் பக்கம் திரும்பவில்லை. தர்ப்பையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வந்தார்னு சொன்னாத்தானடி நீ சாப்பிட உக்காருவ."