நீர் மாத்திரையும் பஸ் சீட்டும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கால் வீக்கம் குறையவில்லை. செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை அப்படியே.

மகன் முரளியோடு பூந்தமல்லி டாக்டரிடம். காலை அமுக்கிப் பார்த்தார், குழி விழுந்தது. "நீர் மாத்திரை தினமும் போடுறாங்களா?" நான் வாய் திறப்பதற்குள் முரளி: "தவறாம போடுறாங்க சார். நாந்தான் டப்பால எடுத்து வெக்கிறேன்."

டப்பாவில் போடுவது அவன். வாஷ்பேசினில் போடுவது நான்.

மாத்திரைக்கு வீக்கம் கேட்கவில்லை என்று டாக்டர் அளவை இரட்டிப்பாக்கிவிட்டார். பிரஷருக்கும் புதிதாக ஒன்று. பெற்ற பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தாயிற்று. சீ.

வாங்க: கடலைப்பருப்பு, பாத்திர சோப்பு.

ஜூலை 9, புதன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். சில மாதம் முன்பு ஒரு நாள் ஐயப்பன்தாங்கலில் தங்கை கஸ்தூரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மாத்திரை போட்டிருந்தேன். சென்னீர்குப்பத்தில் பஸ் நகரவே இல்லை. அடக்கி அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. முந்தானையால் பின்பக்கம் மூடிக்கொண்டு, சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். பின்னால் யாரோ ஒருத்தி: "யக்கா, சீட்டு ஈரமா கீது, உக்காராத."

சத்துணவுக்கூடத்தில் ஆயாவாக இருந்தபோது எத்தனை பிள்ளைகளுக்கு முகம் சுளிக்காமல் கழுவிவிட்டிருப்பேன்.

முதலில் பஸ் ஏறும் நாளில் மட்டும் மாத்திரையை விட்டேன். பிறகு கோயில், கல்யாணம், ரேஷன் கடை. இப்போது எல்லா நாளும்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். முரளிக்கு லீவு. இரட்டிப்பு மாத்திரையை நான் முழுங்கும் வரை எதிரிலேயே நின்றான், நேற்றும் இன்றும். "நா பாத்துக்குறேன், நீ டென்சன் ஆவாத." பாத்ரூமுக்கு நடந்து நடந்தே கால் ஓய்ந்தது. எழுந்தவள் கண் இருட்டி சமையலறை வாசலில் விழுந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை. தோள் கன்றிப்போயிற்று.

முரளி அழுதான். "நா இன்னாம்மா தப்பு பண்ணேன்? எல்லாம் கரெக்டாத்தான குடுத்தேன்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். இதைவிடக் கேவலம் உண்டா.

ஜூலை 12, சனி

மறுபடி டாக்டர். படுக்கவைத்து ஒரு தரம், நிற்கவைத்து ஒரு தரம் பிரஷர் பார்த்தார். நின்றால் இறங்குகிறதாம். "இதுக்கு முன்னாடி ஒழுங்கா போட்டாங்களா?" முரளி பதில் சொல்ல வாயெடுத்தான்.

"நீ கொஞ்சம் வெளிய இருடா."

"இன்னாம்மா?"

"இருடா."

கதவு சாத்தியதும் சொன்னேன். பஸ்ஸையும் சேர்த்து. தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் சிரிக்கவில்லை. கூட்டியதையெல்லாம் மருந்துச்சீட்டில் அடித்துவிட்டார். "பழைய அளவே போடுங்கம்மா. வெளிய போற அன்னிக்கு வீட்டுக்கு வந்து நாலு மணிக்கு போட்டுக்கலாம். விடுறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டு விடுங்க."

அவ்வளவுதான். நேரத்தை மாற்றினால் போதுமாம். இதைக் கேட்க வாய் வரவில்லை எனக்கு.

ஆட்டோவில் முரளியிடமும் சொன்னேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பருத்திப்பட்டு ஏரியருகே முரளி என் பக்கம் திரும்பினான். "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா?"

ஜூலை 18, வெள்ளி

நல்ல வெயில். வீக்கம் கொஞ்சம் பரவாயில்லை. மாத்திரையை நாலு மணிக்கு ஒதுக்கிவிட்டுக் கஸ்தூரியைப் பார்த்துவந்தேன். திரும்பும் பஸ்ஸில் இறங்கும்முன் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கையால் தடவியும் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. பக்கத்தில் இருந்தவள், "இன்னாம்மா, எதுனா வுட்டுட்டியா?" என்றாள்.

இல்லை என்றேன்.