நவச்சாரமும் சல்பாவும்

18 ஜூன் 1957, தென்காசி

காலையிலிருந்து சாரல். இலஞ்சி மூக்கம்மாள் தன் காளையை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தாள். புருஷன் போனபின் தானே வண்டி ஓட்டுகிறவள். ஸ்டேஷனில் இறங்குகிற சீசன் ஆட்களைக் குற்றாலத்தில் கொண்டு விடுவாள். காளைக்கு நிமோனியா. சல்பா மாத்திரை கொடுத்தேன். வாங்கத் தயங்கினாள்.

"இலத்தூர் சுந்தரபாண்டி அண்ணாச்சி மாடு இதைத் தின்னுதான் மூத்திரம் அடைச்சுச் செத்துச்சுன்னு சொல்லுதாவ, டாக்டரய்யா."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். அழுத்திச் சொல்ல வாய் வரவில்லை. அந்த மாட்டுக்கு வைத்தியம் பார்த்ததும் நான்தான். ஏன் செத்தது என்று இன்னும் தெரியவில்லை.

21 ஜூன்

மூக்கம்மாள் காளைக்கும் அதே கதை. முக்குகிறது, சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. மூத்திர வாய் மயிரில் ஏதோ பொடி. விரலில் தேய்த்தேன். மணல் மாதிரி நெறுநெறுத்தது.

"மாத்திரை தவிர வேற என்ன கொடுத்தீங்க, அக்கா?"

"ஒண்ணுமில்லையே... இருமலுக்கு நவச்சாரம், கருப்பட்டியில உருட்டி. எப்பவும் குடுக்கதுதான்."

நீல லிட்மஸ் தாளை அந்த மூத்திரத்தில் நனைத்தேன். சிவந்துவிட்டது! புல் தின்கிற மாட்டுக்கு அது சிவக்கக் கூடாது. நவச்சாரம் மூத்திரத்தைப் புளிப்பாக்குகிறது. சல்பா வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. புளித்த மூத்திரத்தில் அது சரியாகக் கரையாது. கரையாதது அங்கேயே படிந்து... தனித்தனியே இரண்டும் மருந்து. சேர்ந்தால்?

சல்பா, நவச்சாரம் இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே இலத்தூருக்குச் சைக்கிள் மிதித்தேன்.

"மாட்டைக் கொன்னுட்டு விசாரிக்க வேற வந்தீரா?" என்றார் சுந்தரபாண்டி. நான் நகரவில்லை. கடைசியில், "நவச்சாரமா? குடுத்தோம். எல்லாரும்தான் குடுக்கோம்" என்றார்.

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

22 ஜூன்

விடிந்ததும் இலஞ்சி. நிறையத் தண்ணீர், அதில் சோடா உப்பு. "இன்னும் ஒரு பொடியா?" என்று பின்வாங்கினாள் மூக்கம்மாள். ஆப்ப மாவில் போடுகிற அதே சோடாதான் என்றேன். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு மூங்கில் குழாயை என் கையிலிருந்து பிடுங்கித் தானே புகட்டினாள்.

23 ஜூன்

மூத்திரம் பாய்ச்சலாகப் போனது. அல்ஹம்துலில்லாஹ்.

24 ஜூன்

காய்ச்சல் மறுபடி ஏறிவிட்டது. நெஞ்சில் கரகரப்பு. சல்பா இல்லாமல் இது பிழைக்காது.

மேலதிகாரி போனில் சொன்னார்: "இன்னொரு மாடு செத்தா ஒருத்தன் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டான். சல்பாவை விட்டுடும், மீரான்."

விட்டால்? காளை நுரையீரலால் சாகும். சோடாவோடு சேர்த்துக் கொடுத்தால் சல்பா படியாது. ஆனால் சோடா அதைச் சீக்கிரமே வெளியே தள்ளிவிடும். அப்படியானால் வேளைகளை நெருக்கிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு நெருக்கி? என்னிடமுள்ள எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மூக்கம்மாளிடம் எதையும் மறைக்கவில்லை.

"செத்துட்டா என்ன சொல்லுவாவ?" என்று கேட்டாள்.

"நான் கொன்னேன்னு."

"கூடவே என்னையும்தான் ஏசுவாவ. குடுங்க."

25 ஜூன்

லிட்மஸ் சிவக்கவில்லை. காய்ச்சலும் இறங்கவில்லை. விடமாட்டேன்.

26 ஜூன்

உடம்பு கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது. கையை எடுக்க மனமில்லாமல் அதன் காதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

28 ஜூன்

வைக்கோலை இழுத்தது. மூக்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சைக்கிளைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

9 ஆகஸ்ட்

பாவூர்சத்திரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், இருமுகிற ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வாய் திறக்குமுன்பே, "நேத்து நவச்சாரம் குடுத்துட்டேன், டாக்டரய்யா" என்றாள்.

"யார் சொல்லச் சொன்னது?"

"ஸ்டேஷன்ல ஏத்துன வண்டிக்காரிதான். ‘டாக்டரு கேக்கதுக்கு முந்தி என்னென்ன குடுத்தேன்னு நீயே சொல்லிரணும்’னு வழி நெடுக ஏசிக்கிட்டே வந்தா."

எட்டிப் பார்த்தேன். குற்றாலத்துக்குச் சவாரி ஏறியாகிவிட்டது. வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.