இரண்டு விரல் பள்ளம்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருமுனை வீட்டில் இரும்பு கேட்டுக்குத் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார்கள். வாடை ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷமாகிறது. துக்கத்துக்கு வந்தபோது உங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேனே தவிர, ஒரு வார்த்தை பேச வரவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து பொம்மசந்திராவில் இருக்கும் பள்ளிக்கு நான் தினமும் என் பழைய நீலக் காரில்தான் போய்வந்தேன். குழந்தையில் வந்த போலியோவில் எனக்கு இரண்டு காலிலும் வலு இல்லை, இடது கால் குட்டையும்கூட. காலோடு கட்டும் இரும்புக் காலிப்பரும் அடிப்பாகம் உயர்த்திய பூட்ஸும் இல்லாமல் நிற்க முடியாது. பஸ் படியில் ஏற முடியாது. அவ்வளவு தூரத்துக்குத் தினமும் ஆட்டோ கட்டுப்படியாகாது. பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் கையால் இயக்கும்படி யாரோ ஒரு மெக்கானிக் மாற்றிவைத்திருந்த அந்த வண்டி செகண்ட் ஹேண்டில் கிடைத்த பிறகுதான் எனக்கு வேலை என்ற ஒன்றே அமைந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அடுகோடி சிக்னலில் பிரேக் கம்பியை அழுத்தினேன். வண்டி நிற்பதற்குப் பதிலாக நான் பின்னால் சாய்ந்தேன். சீட்டின் பின்கால் அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு இறங்கிவிட்டது. கம்பி என் கைக்கு எட்டவில்லை. முன்னால் ஒரு ஸ்கூட்டரில் புருஷன் பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. எப்படியோ ஸ்டீயரிங்கை ஒடித்தேன். நடைபாதைக் கல்லில் டயர் இடித்து வண்டி நின்றது. கால் விரிப்பை விலக்கிப் பார்த்தால், என் பூட்ஸுக்குப் பக்கத்தில் ரோட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நாலு பேர் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்த முதல் ஷெட்டில், "முழுக்கத் துரு மேடம், குஜரிக்குப் போட்டுடுங்க" என்றார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நான் ஆம்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியதுதான். அண்ணன் அதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு நின்றபோது பக்கத்து ஷெட்டிலிருந்து நீங்கள் வந்தீர்கள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, நெற்றியில் ஏற்றிவைத்த கறுப்புக் கண்ணாடி. பெயிண்ட் வேலை உங்கள் கணவருடையது, தகட்டு வேலையும் வெல்டிங்கும் உங்களுடையது என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரோ வேடிக்கை பார்க்க வந்திருப்பதாகத்தான் நினைத்தேன்.

நீங்கள் குனிந்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே போனீர்கள். டங், டங், டங். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். திருப்பிக் குத்தினீர்கள், முனை மறுபக்கம் போய்விட்டது. பின் சீட்டுக் காலடியில் ஊறிக்கிடந்த சணல் விரிப்பைத் தூக்கியதும் சிரித்துவிட்டீர்கள்.

"டீச்சர், உள்ள பயிர் வெச்சிருக்கீங்களே!"

என்றைக்கோ சிந்திய பச்சைப்பயறு இரண்டு இலை விட்டு நின்றது. நான் டீச்சர் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கை பூரா சாக்பீஸ்" என்றீர்கள்.

"சரியாகுமா?"

"மேல பாடி நல்லா இருக்கு. கீழ ப்ளோர் மட்டும் போயிருக்கு. போனதை வெட்டிட்டு நல்ல தகடா வெச்சுட்டா ஓடும்."

வாசலில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த உங்கள் கணவர் தலையைத் தூக்காமலே, "அவ சொன்னா ஆகும் மேடம்" என்றார்.

ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டுப் பாதி நாள் உங்கள் ஷெட்டிலேயே கிடந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் அண்ணனின் போன் வரும். பெட்ரோல் டேங்க், பேட்டரி, சீட்டு எல்லாவற்றையும் கழற்றினீர்கள். வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தீர்கள். "ப்ளோரை எடுத்தா பாடி வாயைப் பொளந்துக்கும். அப்புறம் கதவு சேராது." ஒவ்வொரு துண்டை வெட்டி எடுத்ததும் எழுந்துவந்து நான்கு கதவையும் திறந்து சாத்திக் காது கொடுப்பீர்கள். ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். கடைசியில் வண்டிக்கு அடியே இல்லை. கட்டைகளின் மேல் நாலு பக்கச் சுவரும் கூரையும் மட்டும் நின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் ஷெட்டின் செம்மண் தரை தெரிந்தது. நான் பத்து வருஷமாக நம்பி உட்கார்ந்திருந்தது இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையில் அளவு வெட்டி, தகட்டில் வரைந்து, ஓரம் மடித்து, விறைப்புக்கு வரிவரியாகப் புடைப்பு அடித்து, டிரைவர் பக்கத்துக்கான தகட்டை இரண்டு நாளில் முடித்துவிட்டீர்கள். பற்றவைப்பது மட்டும்தான் பாக்கி. அப்போதுதான் சொன்னீர்கள், "ஒரு தரம் உக்காந்து காட்டுங்க டீச்சர். சீட்டு எங்க வரணும்னு பாக்கணும்."

பலகை போட்டு அதன் மேல் சீட்டை வைத்து, தகட்டை இடத்தில் நிறுத்தி, என்னைத் தாங்கி உட்காரவைத்தீர்கள். நான் வழக்கம்போல இடது காலைக் கையால் தூக்கி வைத்தேன். நீங்கள் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இங்க இடிக்குதே?"

இடித்தது. பூட்ஸின் உயரத்தால் முட்டி மேலே எழும்பி பிரேக் கம்பியின் மூட்டில் இடிக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இடிக்கும். அங்கே ஆறாத ஒரு நீல ரத்தக்கட்டு இருந்தது. அதை அம்மாவிடம்கூடக் காட்டியதில்லை.

"அது பரவாயில்லக்கா. பழகிடுச்சு. அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

"நீங்க ஏன் பண்ணணும்? தகடு அட்ஜஸ்ட் ஆவட்டும். அதுக்கு வலிக்காது."

சாக்பீஸை எடுத்து என் பூட்ஸைச் சுற்றித் தகட்டின் மேல் கோடு போட்டீர்கள். ஊரில் எல்லாரும் என் காலைப் பார்ப்பார்கள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். அதை அளவெடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கணவர் வந்து பார்த்தார். "அது ரெடியாயிடுச்சேம்மா?"

"பூட்ஸ் கீழ எறங்குற மாதிரி வேற அடிக்கலாம். அடியில பிரேக் பைப்பு போவுது, அதைக் கொஞ்சம் தள்ளிக் கட்டணும்" என்று சொல்லி, இரண்டு நாள் உழைப்பைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டீர்கள்.

மறுநாள் குடைந்த மரக்கட்டையின் மேல் புதுத் தகட்டைக் கிடத்தி மரச் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தீர்கள். பலமாக ஒரு அடிகூட இல்லை. சின்னச் சின்னதாக, வட்டமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு. மத்தியானத்துக்குள் என் பூட்ஸின் வடிவத்தில் இரண்டு விரல் ஆழப் பள்ளம் ஒன்று, கிழியாமல், சுருங்காமல், தகட்டுக்குள் இறங்கியிருந்தது. கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு தட்டையான பரப்பு அப்படி இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு, உடம்பு சிலிர்க்க உட்கார்ந்திருந்தேன். பிறகு தகடு சூட்டில் நெளியாமலிருக்க ஈரத் துணியை ஒத்தி ஒத்தி, இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாகப் பற்றவைத்துச் சேர்த்தீர்கள். சீட்டின் கால் வரும் இடத்தில் இரட்டைத் தகடு. மேலே ரெட் ஆக்சைடு, அடியில் தார்.

எல்லாம் பூட்டி முடித்த நாளில் ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கிவைத்தேன். அது தன் இடத்துக்குத் தானே போவதுபோல இறங்கியது. முட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுதாகப் போயிற்று. நான் மறுபடியும் மறுபடியும் கையை விட்டு விட்டு எடுத்ததை நீங்கள் பார்க்காத மாதிரி சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு வந்து கதவைச் சாத்தினீர்கள். ஒரே தள்ளில் டப்பென்று சேர்ந்தது.

"நீங்களும் வாங்கக்கா, ஒரு ரவுண்டு போலாம்."

ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா வரைக்கும் போனோம். நீங்கள் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நேராகவே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பயமா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். எத்தினியோ வண்டிக்கு அடியில படுத்திருக்கேன். முன் சீட்ல உக்காந்து இவ்ளோ தூரம் வந்ததில்ல." கொஞ்ச தூரம் போன பிறகு, "எவ்ளோ அழகா ஓட்டுறீங்க!" என்றீர்கள். நான் உங்களைப் பார்த்து வியந்துகொண்டிருக்க, நீங்கள் என்னைப் பார்த்து வியந்துகொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வந்து பழகினோம். சர்க்கரை உங்கள் கண்ணையும் பிறகு சிறுநீரகத்தையும் கொண்டுபோனதைக் கூடவே இருந்து பார்த்தேன். வண்டி இன்னும் ஓடுகிறது. அண்ணன் ஆம்பூருக்குக் கூப்பிடுவதை நிறுத்தி வெகுநாளாகிறது.

போன மாதம் எங்கள் பள்ளிக்குப் புதுக் கட்டடத்தின் வரைபடத்தோடு ஓர் என்ஜினியர் வந்தார். ஆசிரியர்கள் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்று தலையாட்டினோம். வாசலில் ஐந்து படிகள் போட்டிருந்தார். பழைய நான் என்றால், பழகிக்கொள்ளலாம் என்று பேசாமல் வந்திருப்பேன்.

"சார், இந்தப் படி எனக்குச் சரிவராது. பக்கத்துல ஒரு சாய்வு வேணும்" என்றேன்.

அவர் பென்சிலை எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன். "போடலாம் மேடம். ஆனா எவ்வளவு சாய்வா இருந்தா உங்களுக்கு வசதின்னு தெரியலையே?"

எனக்கும் தெரியவில்லை அக்கா. நாற்காலியைப் பிடித்து எழுந்து, காலிப்பரின் பூட்டைப் போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க வாசலை நோக்கி நடந்தேன்.

"வாங்க சார். வாசல்ல ஒரு பலகையைச் சாய்ச்சு வைங்க. நான் ஏறிக் காட்டுறேன், நீங்க அளவெடுத்துக்குங்க."