நான் வெளியேற மாட்டேன்

பாங்காக்

மரியாதைக்குரிய கொன்சுவேலோ அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மருந்தைத் தவறவிடாதீர்கள்.

என் மகன் அன்செல்மோ உங்களிடம் புலம்பியிருப்பான். விஷயம் சின்னது. நான் ரசிக்கும் மணிலா இசைக்குழுப் பையன்களின் புதிய பாட்டு சனிக்கிழமை வெளிவந்தது. அவசரத்தில், யாரோ திருடிப் போட்ட வீடியோவை இணைய ரசிகர் குழுவில் பகிர்ந்துவிட்டேன். குழுவை நடத்தும் மாரிசெல் எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளினாள்.

"ஐயோ டீச்சர்! இதைப் பார்த்தா நம்ம பசங்க கணக்குல ஒரு பார்வைகூட ஏறாது. உடனே தூக்குங்க!"

தூக்கிவிட்டு, அவர்களே வெளியிட்டதைப் போட்டேன். கன்னியர் பள்ளியில் நம்மை இதைவிடக் கடுமையாகத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் யாரோ அதை அன்செல்மோவுக்குக் காட்டிவிட்டார்கள்.

"அம்மா, சின்னப் பொண்ணுங்ககிட்ட திட்டு வாங்கறீங்களே! அப்பா இருந்தா பொறுத்துக்குவாரா? வெளியே வாங்க. இல்லேன்னா வேற பேர்லயாவது எழுதுங்க."

அவர் இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டிருப்பார். பியானோ வகுப்பு முடிந்து அறைக்கு வந்தால், "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று குழுவில் கேட்பது அந்தப் பெண்கள்தான். என் மகன் அல்ல.

உலர்ந்த மாம்பழம் கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் குரலையும் பதிவு செய்து அனுப்புங்கள். என்ன பேசினாலும் சரி.

அன்செல்மோவிடம் சொல்லிவிடுங்கள்: நான் வெளியேற மாட்டேன், பெயரையும் ஒளிக்க மாட்டேன். அவன் அப்பா எங்கள் திருமணத்தன்று தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் எனக்குத் தந்த பெயர் அது. வகுப்புக்கு மணி அடிக்கிறது.

உங்கள் தங்கை,
திருமதி ரெமெடியோஸ் வில்யானுவேவா