பத்து மணிக்கு இளைக்கும் மோட்டார்

1936 பெப்ரவரி 10, திங்கள்

மறுபடியும் நின்றது. ஒன்பது மணிக்கு முத்துலிங்கம் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் டைனமோவை ஓட்டிவிட்டான். ஒரு மணி நேரம் என் கடைசல் லேத்து ஒழுங்காகத்தான் சுற்றியது. பத்து தாண்டியதும் மோட்டார் இளைத்தது. உளியைப் பித்தளையில் வைத்ததும் நின்றே போனது.

மாதக் கடைசிக்குள் கொழுந்து உருட்டும் மூன்றாம் ரோலருக்கு அச்சுத் தாங்கும் பித்தளைப் புஷ் ஒன்று கடைந்து கொடு, இல்லாவிட்டால் பேர் வெட்டு என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். பேர் வெட்டினால் பத்துச்சீட்டு, வேலையை விட்டு அனுப்பும் சீட்டு. அதைக் கையில் கொடுத்தால் குடியிருக்கும் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். போன வருடம் அதே ரோலர்தான் என் வலது கையில் மூன்று விரலைத் தின்றது. மிச்சம் இரண்டை வைத்துக்கொண்டு எந்தத் தோட்டத்தில் ஃபிட்டர் வேலை கேட்பேன்? ஸ்டோர் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த லேத்தை ஏழு மாதம் தேய்த்து, வீட்டுக் கோடியில் நிறுத்தி, வயர் இழுத்து — இதற்குத்தானா?

பெப்ரவரி 12

மோட்டாரின் கரித்துண்டுகளை மாற்றினேன். அதே கதை.

பெப்ரவரி 13

வயர் முடிச்சு எல்லாவற்றையும் அவிழ்த்து, சுரண்டி, திரும்ப முறுக்கினேன். கம்பத்தில் ஏறும்போது என் பெண்சாதி சிசிலி கீழே நின்று, "எறங்குங்க, இருக்கிற வெரலையாவது பத்திரமா கொண்டாங்க" என்றாள். சிரிப்பு வந்தது. பத்து மணிக்கு மோட்டார் இளைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

பெப்ரவரி 17, திங்கள்

ஒரு வார்ப்பு பாழ். கடையும்போது வேகம் செத்து, உளி உள்ளே குத்தி, பித்தளை பிளந்துவிட்டது. இருந்ததே இரண்டு. இன்னும் ஒன்றுதான்.

சாயங்காலம் சிசிலி கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து எங்கள் மகள் டோரீனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "லயத்துத் தண்ணிப் பீலியெல்லாம் வத்திக் கெடக்கு. இந்த வெயில் காய்ச்சல்லயும் புள்ள குளிச்சு வருது பாருங்க" என்றாள். உனக்குக் குளிப்புதான் பெரிதாகப் போயிற்றா என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்து அழுதது. நான் மனுசனா?

பெப்ரவரி 19

முத்துலிங்கத்தோடு சண்டை. டைனமோவில்தான் பிழை என்றேன். "ஒம்பது மணிக்கு ஓட்டிவிடுறப்ப மீட்டர் ஊசி நட்டமா நிக்குதண்ணே. ஒங்க மோட்டார்தான் நோஞ்சான்" என்கிறான். ஓட்டிவிட்டு மாடிக்குக் கொழுந்து பார்க்கப் போய்விடுகிறவனுக்கு, அப்புறம் ஊசி என்ன ஆனது என்று எப்படித் தெரியும்? இருட்டினால் கரண்ட் முழுக்க ஸ்டோர் விளக்குக்கும் பங்களாவுக்கும். எனக்குப் பகல் மட்டும்தான்.

பெப்ரவரி 21, வெள்ளி

முத்துலிங்கத்தை ஊசி முன்னாலேயே நிற்க வைத்தேன். பத்து மணி. ஊசி சரிந்தது. அவன் முகத்தையும் பார்த்தேன், எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. என் மோட்டாரில் பிழை இல்லை!

டைனமோவைச் சுற்றுவது தண்ணீர்ச் சக்கரம். சக்கரத்தில் விழும் தண்ணீர் பாதியாகியிருந்தது. வாய்க்கால் ஓரமாகவே மேலே ஏறினேன். மடைப் பலகை ஒரு சாண் தூக்கி, கீழே கல் முட்டுக் கொடுத்திருந்தது. தண்ணீர் பக்கத்து வடிகானில் இறங்கி ஓடுகிறது. எந்தக் கழுதை என்று திட்டிக்கொண்டே கானோடு போனேன். கான் பிள்ளைக்காம்பரா வாசலில் முடிந்தது.

அங்கே ஆயா வேலாயி. பெற்றவர்கள் மலையில் நிற்க, இருபத்திரண்டு பிள்ளைகளும் அவள் பாடு. பாதிப் பேருக்கு வயிற்றோட்டம். கழுவிய துணிகள் வேலி முழுக்க. என் டோரீன் தொட்டிக்குள் நின்று கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுப் பலகையத் தூக்கின?" என்றேன்.

"நீங்கதானண்ணே போன வருசம் வெயில் காய்ச்சல்ல காட்டிக் கொடுத்தீங்க. ஒரு சாண் தூக்கு, தண்ணி தானா எறங்கும்னு. இப்பவும் பீலி வத்திருச்சுன்னு கண்டாக்கு ஐயாகிட்ட மூணு வாட்டி சொல்லிட்டேன். கேக்கல. பத்து மணிக்குப் புள்ளைங்களக் கழுவணுமே, நான் என்ன செய்யிறது?"

சொன்னேன்தான். அப்போது டைனமோ பகலில் ஓடவில்லை. லேத்தும் இல்லை. நானே வெட்டிய குழி.

பெப்ரவரி 22

"கண்டாக்குகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, மடைக்குப் பூட்டுப் போட்டுருவாங்க" என்கிறான் முத்துலிங்கம். போடுவார்கள். வேலாயிக்கும் பத்துச்சீட்டு கொடுப்பார்கள். வயிற்றோட்டப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்? சொல்லாவிட்டால் நான் நடுத்தெருவில். சொல்லலாமா? ஸ்டோர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். இரண்டு தடவை.

பெப்ரவரி 26, விபூதிப் புதன்

கோயிலில் பங்குச் சுவாமி நெற்றியில் சாம்பல் வைத்தார். மனம் அங்கே இல்லை. பத்து மணிக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம் போதாது. இந்தக் கையால் உள்துளையைக் கடைய நாலு மணி நேரம் வேண்டும், நடுவில் நிறுத்தவும் கூடாது. வருடம் பெப்ரவரிக்கு ஒரு நாள் கூடக் கொடுத்திருக்கிறது, அதுவும் போகிறது.

சிசிலியிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "வெள்ளிக்கெழம நான் பெரட்டுக்கும் போகல, கொழுந்துக்கும் போகல. கீழாத்துல இருந்து தண்ணி தூக்குறோம்" என்றாள்.

பெப்ரவரி 28, வெள்ளி

விடியற்காலையிலிருந்து சிசிலியும் வேலாயியும் ஆற்றுக்கும் பிள்ளைக்காம்பராவுக்குமாக ஏறி இறங்கினார்கள். பீப்பாய் நிறைந்ததும் எனக்குத் தெரிய எதிர்ச் சரிவில் வெள்ளைத் துணி கட்டினாள் வேலாயி. துணி இருக்கும்வரை மடை மூடியிருக்கும் என்று பேச்சு. ஒன்பதுக்குத் தொடங்கினேன். பத்து மணிக்கு என் நெஞ்சுதான் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. ஒன்றே காலுக்குப் புஷ்ஷைக் கழற்றினேன். துணி அவிழ்ந்ததும் அப்போதுதான். கை வீங்கிவிட்டது. சிசிலிக்கு இன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை.

பெப்ரவரி 29

புஷ் பொருந்தியது. ரோலர் ஓடுகிறது. பிழை எங்கே இருந்தது என்று துரை கேட்டார். வயரில் ஒரு முடிச்சுத் தளர்ந்திருந்தது என்றேன். தவசு காலத்தில் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம். என் பேர் வெட்டவில்லை.

மார்ச் 4

மழை இன்னும் இல்லை. துரை இரண்டாம் ரோலருக்கும் வார்ப்பு அனுப்பியிருக்கிறார். வெளிப்பக்கம் மட்டும் கடைந்துகொண்டிருந்தேன். பத்து மணிக்கு மோட்டார் இளைத்தது. உளியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். எதிர்ச் சரிவில், பிள்ளைக்காம்பரா வாசலில், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள். ஒரே அழுகை. அதில் டோரீன் குரல் எது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.