மூன்றாம் சுவிட்ச்

ஒகினோ அண்ணனுக்கு,

இங்கே தொமாகொமாய் ஊரில் இன்னும் பனி கொட்டுகிறது. இது என் மூன்றாவது கடிதம். இதற்கும் பதில் வேண்டாம். இடது கையால் எழுதிச் சிரமப்படாதீர்கள்.

காகித ஆலையிலிருந்து என்னை மறுபயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நின்றுபோன மோட்டாரில் பழுது தேடுமுன், மின்சாரம் ஓடும் கம்பியில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு தொடப்போகும் கம்பியில். பிறகு மறுபடியும் முதல் கம்பியில், ஏனென்றால் நடுவில் மீட்டரே செத்திருக்கலாம். "வெரல நீட்டிக் கூவிட்டா கரண்டு போயிடுமா? அளந்து பாரு," என்கிறார் பயிற்சியாளர்.

நாம் அளந்ததே இல்லை; அணைத்த சுவிட்சுக்கு நேரே விரலை நீட்டி ஒருவர் கூவ, மற்றவர் திருப்பிக் கூவுவதுதான் நம் சரிபார்ப்பு. "நீ கூவுனா போதும்மா, எனக்கெதுக்கு மீட்டரு?" என்பீர்கள்.

அன்று மூன்றாம் சுவிட்சுக்கு நேரே விரலை நீட்டி, "மூணு ஆஃப், சரி" என்று கூவினேன். நான் அணைத்திருந்தது நான்காவதை. காகிதச் சுருளுக்குப் பின்னாலிருந்து நீங்களும் வழக்கம்போல, "மூணு ஆஃப், சரி" என்று கூவிவிட்டு வலது கையை இயந்திரத்துக்குள் விட்டீர்கள்.

இன்று எல்லாம் முறையாக அளந்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது. பழக்கத்தில் கூவியும் விட்டேன். பதில் குரல் வரவில்லை. என்னால் அந்தக் கம்பியைத் தொட முடியவில்லை.

விபத்து விசாரணைத் தாளில் 'இருவரும் சரிபார்த்தனர்' என்று எழுதியிருந்தார்கள். தவறில் பாதி உங்கள் தலையில் விழுந்தது அந்த வரியால்தான். நீங்கள் நின்ற இடத்திலிருந்து சுவிட்சுப் பலகை தெரியாது. அது எனக்குத் தெரியும், அண்ணே. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டபோதும் தெரியும்.

இப்படிக்கு,
மூணு என்று கூவியவள்